தர்ஷியோடு திருச்சிக்கு: பயந்தவள் போய் வந்த ஐந்து நாள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூங்கவைத்து, காலை ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஊரே அடங்கியிருக்கிறது. கண்ணும் எரிகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பதிவில், ஆகஸ்ட் விடுமுறைக்கு இந்தியா போய் வந்தோம் என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். அதற்கு கலவானைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பதில் போட்டிருந்தார். "எனக்கும் ஆசைதான், பயமா இருக்கு. சின்னப் புள்ளைய வச்சிக்கிட்டு எப்படிப் போனீங்க? எவ்வளவு முடிஞ்சிச்சி?" அக்கா, உங்களைவிடப் பயந்தவள் நான். கொழும்புக்குப் போவதென்றாலே இரண்டு நாளைக்கு முன்பே பையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுவேன். ஆகவே உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நிவித்திகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில். வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் கிளார்க். நான் முன்பள்ளி ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள், தர்ஷி, ஐந்தரை வயது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் நாங்கள் சும்மா ஊர் சுற்றப் போனதே இல்லை. போனதெல்லாம் கல்யாண வீடும் சாவு வீடும்தான். அதனால் இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசில் வெளிநாடு ஒன்று பார்ப்பது என்று முடிவு செய்தோம். தோட்டத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை.

"இந்தியாவுல யாரு இருக்கா?" என்று ஃபெக்டரியில் எல்லோரும் இவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

"யாரும் இல்ல. சும்மா போறோம்."

"சும்மா யாராவது ப்ளேன் ஏறுவாங்களா? உண்மையச் சொல்லுங்க, பொண்ணுக்கு நேர்த்திக்கடனா? இல்ல, ஒங்களுக்கு ஏதும் வருத்தமா?"

கடைசியில் இவர், "ஆமா, கிட்னி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இன்றைக்கும் சிலர் என்னைப் பார்த்தால் இவருடைய உடம்பைப் பற்றி இரக்கத்தோடு விசாரிக்கிறார்கள்.

திருச்சியைத் தேர்ந்தெடுத்தது நான். கட்டுப்படியான டிக்கெட் அதுதான். விமானமும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். அதைவிட முக்கியம், அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள். என்ன நடந்தாலும் வாய் திறந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, பின்னால் நீங்கள் சிரிக்க வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மொத்தம் நான்கு முறை கொழும்பு போனோம். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள். அந்த நான்கு பயணத்திலும் என் நெஞ்சில் இருந்தது ஒரே பயம்: கூட்டத்தில் பிள்ளை கை நழுவிப் போய்விட்டால்? தர்ஷி ஒரு இடத்தில் நிற்கும் பிள்ளை இல்லை. பூனை ஒன்றைக் கண்டால் அதன் பின்னாலேயே போய்விடுவாள்.

அதனால் ஒரு மாதமாக அவளுக்குப் பாடம் நடத்தினேன். காணாமல் போனால் அழுதுகொண்டு ஓடக் கூடாது. யூனிஃபார்ம் போட்டவர்கள் யாரையாவது தேடிப் போக வேண்டும். அவர்களிடம் சிங்களத்தில் பேர் சொல்ல வேண்டும். அப்பா பேர், அம்மா பேர், எல்லாமே சிங்களத்தில். யூனிஃபார்ம்காரர்களிடம் தமிழில் ஒரு வார்த்தை வரக்கூடாது. இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் சிங்களம், டவுனில் சிங்களம், யுத்தம் ஓயாத இந்த நாளில் செக்பாயிண்ட்டில் கட்டாயம் சிங்களம். பக்கத்து வீட்டு குசுமா அக்காவிடம் வளர்ந்த பிள்ளை என்பதால் தர்ஷிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. குசுமா அக்கா போலீஸ்காரராக நின்று கேள்வி கேட்பார், இவள் டக் டக் என்று பதில் சொல்வாள். எனக்கு அப்படியொரு நிம்மதி.

"லக்கேஜுக்கு லேபல் ஒட்டுறத விட புள்ளைக்கித்தான் நீ நிறைய ஒட்டுற, தேவி" என்று இவர் கேலி செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

புறப்பட்ட அன்று அதிகாலை, எங்கள் பக்கத்துச் சிங்களவர் சுனில் அண்ணனின் வேனில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். போக ஆறாயிரத்து ஐந்நூறு, வர அதே. பஸ்ஸில் போனால் இதில் கால்வாசிகூட ஆகாது. ஆனால் பெட்டி, பிள்ளை, வழி நெடுக செக்பாயிண்ட் எல்லாவற்றையும் யோசித்தால் இந்த ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள் என்பேன். சுனில் அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் முந்திக்கொண்டு இறங்கி, "மகே நங்கிலாகே பவுல" என்றார். என் தங்கச்சி குடும்பம் என்று அர்த்தம். நாங்கள் கேட்காமலே சொன்னார். இதற்காக நான் அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அவிசாவளை தாண்டி ஒரு இடத்தில் மட்டும் எல்லோரையும் இறக்கினார்கள். துப்பாக்கியோடு நின்ற இளைஞன் தர்ஷியிடம் குனிந்து, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். இவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் பேர், அப்பா பேர், அம்மா பேர், தோட்டத்தின் பேர், எங்கள் நாயின் பேர் என்று சிங்களத்தில் ஒப்புவித்து, கடைசியில் "ப்ளேன் எகே யனவா மாமே", ப்ளேனில் போகிறோம் மாமா, என்றாள். அவன் சிரித்துவிட்டான். வேன் கிளம்பியதும் நான் அவளைக் கட்டிப்பிடித்து, "கெட்டிக்காரி! எங்க போனாலும் இப்பிடித்தான் சொல்லணும்" என்றேன்.

எங்க போனாலும். அப்படித்தான் சொன்னேன்.

விமானத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறும்போது காது அடைக்கும், பிள்ளைக்கு டொஃபி கொடுங்கள். நான் கண்ணை மூடிக் கந்த சஷ்டி சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

திருச்சி விமான நிலையத்திலிருந்து மத்திய பஸ் நிலையம் ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு இந்தியக் காசு நூற்று இருபது. நான் டிரைவரிடம் போகிற இடத்தை வழக்கம்போல மெல்லச் சொன்னேன். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, ரகசியமா? கெட்டியாச் சொல்லுங்க, யாரும் புடிச்சிக்கிட்டுப் போகமாட்டாங்க."

இவர் சிரித்தார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, வீட்டுக்கு வெளியே தமிழ் பேசும்போது என் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது என்று.

லாட்ஜ் எடுப்பதில் ஒரு விஷயம். முதலில் போன இடத்தில் சிலோன் பாஸ்போர்ட் என்றதும் ரூம் இல்லை என்றுவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமாம், சின்ன லாட்ஜ்களில் அந்தத் தொல்லை வேண்டாம் என்கிறார்கள். மனம் தளராதீர்கள். மூன்றாவது இடத்தில் கிடைத்தது, சுத்தமான ரூம், ஃபேன், நாளுக்கு நானூற்று ஐம்பது. சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நூற்றைம்பது போதும். இட்லி, பொங்கல், தயிர் சாதம் எல்லாம் பிள்ளை வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் பஸ்ஸில் கல்லணை போனோம். அணையின் மேல் நடந்து, காவிரியைப் பார்த்து, பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் மர நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். எட்டு வருடத்தில் அப்படியொரு பகல் எங்களுக்கு வாய்த்ததில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் மலைக்கோட்டை. மத்திய பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் கிட்டவே இறக்கிவிடுவார்கள். காலையிலேயே ஏறுங்கள், வெயில் ஏறிவிட்டால் படி சுடும். நாங்கள் பிந்திப் போய் வெந்துபோனோம். இறங்கி வந்து கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். அந்தக் கூட்டத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. இரத்தினபுரி பெரஹரா ஊர்வலத்தை ஒரு ஒடுக்கமான சந்துக்குள் விட்ட மாதிரி. நான் ஒரு கடையில் சேலை பார்த்தேன். இவர் எதிர்க்கடையில் டிபன் கேரியர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தார்.

"புள்ள எங்க?" என்றேன்.

"ஒன்கிட்டதானே நின்னிச்சி?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. இவர் அந்தப் பக்கம் ஓடினார், இந்தப் பக்கம் ஓடினார், பிள்ளை பேரைச் சொல்லிக் கத்தினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. நடுத்தெருவில் தமிழில் சத்தம் போடுவது என்பது என் உடம்புக்கே தெரியாத காரியமாக இருந்தது.

இவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கத்து தேவி! இங்க கத்தலாம்! கத்து!"

கத்தினேன். "தர்ஷீ!" என்று நான் போட்ட சத்தத்தில் சேலைக்கடை ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்தார். ஒரு பெரியம்மா தண்ணீர் கொடுத்தார். "எந்தக் கலர் கவுனு? எவ்வளவு உசரம்?" என்று கேட்டுக்கொண்டு நாலு பையன்கள் நாலு பக்கமும் போனார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும்.

இதற்கிடையே தெருக்கோடியில் ஒலிபெருக்கி ஏதோ அறிவித்துக்கொண்டே இருந்தது. போலீஸ் பூத்திலிருந்து ஒரு பெண் குரல்: "தமிழ் தெரியாத, சுமார் ஐந்து வயது பெண் குழந்தை ஒன்று நம்மிடம் உள்ளது. பெற்றோர் உடனே வரவும்." இரண்டு தடவை கேட்டேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐயோ பாவம், எந்த ஊர்க்காரியோ, அவளும் என்னைப் போலத் தவித்துக்கொண்டிருப்பாள் என்று அந்தத் தாய்க்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைக்குத்தான் தமிழ் தெரியுமே!

மூன்றாவது அறிவிப்பு வேறு குரலில் வந்தது. கரகரத்த குரல். முதலில் ஒரு இருமல். அப்புறம், அந்தத் திருச்சிக் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி:

"தர்ஷிகே அம்மே! இக்மனட்ட என்ன! துவ மெஹே இன்னவா!"

தர்ஷியின் அம்மா, சீக்கிரம் வா, மகள் இங்கே இருக்கிறாள். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன பாஷைடா இது, தெலுங்கா?" என்றான் ஒரு பையன். நாங்கள் ஓடினோம்.

பூத்துக்குள் காக்கிச் சேலையில் ஒரு போலீஸ்காரம்மா, கையில் மைக்கோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, அவர் இடுப்பில் என் பிள்ளை. கன்னமெல்லாம் கண்ணீர்க்கறை, கையில் பாதி தின்ற முறுக்கு. நான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அழுதேன். "ஏன்டி தங்கம், ஏன்டி போன?" என்று நான் கேட்க, "பூனைக்குட்டி இருந்திச்சிம்மா" என்று அவள் சொல்ல, போலீஸ்காரம்மா எழுந்தேவிட்டார்.

"ஏய், இது தமிழ் பேசுது!"

மைக் பிடித்திருந்த அக்கா மைக்கை மேசையில் வைத்தார். "அடிப்பாவி மகளே! தமிழ் தெரியுமா ஒனக்கு?"

தர்ஷி என்னைப் பார்த்தாள். பிறகு காக்கிச் சேலையைப் பார்த்தாள். என் காதுக்குள் மெதுவாக, "அம்மா, யூனிஃபார்ம் போட்டிருக்காங்க. தமிழ்ல பேசலாமா?" என்றாள்.

அவள் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததை வரிக்கு வரி செய்திருக்கிறாள். ஓடவில்லை. காக்கி உடுப்பைத் தேடிப் போய், பேர், அப்பா, அம்மா, தோட்டம், நாய் என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒப்புவித்திருக்கிறாள். அவர்கள் தமிழில் கேட்கக் கேட்க இவள் பயந்து, இன்னும் கெட்டியாகச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். அம்மா என்கிற ஒரு சொல்தான் அவர்களுக்கு விளங்கியது. கடைசியில் பூத்துக்கு எதிரே வளையல், ரிப்பன் விற்கிற பாக்கியம் அக்கா அழுகைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்.

பாக்கியம் அக்கா கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில், இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்டவர்.

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சும்மா, அந்தப் பாஷைய வாயில எடுத்து. மறந்தே போச்சுன்னு நெனச்சேன். புள்ள அழுதிச்சி பாரு, 'பய வென்ன எபா துவே'ன்னு, பயப்படாத மகளேன்னு, தன்னால வந்திரிச்சி. சிங்களப் புள்ளைன்னு நெனச்சிக்கிட்டு, அரை மணி நேரமா மூச்சு முட்ட யோசிச்சு யோசிச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். இவளுக்குத் தமிழ் தெரியும்னா எனக்கு இந்தப் பாடு எதுக்கு?"

"நல்லா இருக்கு போங்க ஒங்க கூத்து" என்றார் போலீஸ்காரம்மா. "ரெண்டு தமிழாளுங்க இங்க குந்திக்கிட்டு வேற பாஷையில அழுதுக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் வேற, மலையாளமான்னு கேட்டு நம்ம டீக்கடைச் சேட்டனக் கூட்டியாரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு போலீஸ்காரம்மா குரலைத் தணித்து, "புள்ளைக்கு ஏம்மா அப்படிச் சொல்லி வச்சீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பாக்கியம் அக்கா, "அது அங்க அப்படித்தான் மேடம். விடுங்க" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

பாக்கியம் அக்கா கையில் காசு வைக்கப் போனேன். தட்டிவிட்டார். "சும்மா ஒண்ணும் வேணாம். வளையல் வாங்கிக்க. வெல கொறைக்கமாட்டேன்." வாங்கினேன், மூன்று டஜன். உண்மையாகவே விலை குறைக்கவில்லை. தோட்டத்தில் இப்போது நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தர்ஷியின் கைக்கு அளவு பார்த்து வளையல் போட்டுவிட்டார்.

மிச்ச இரண்டு நாளும் நன்றாகவே போயின. ஸ்ரீரங்கம் பார்த்தோம், முக்கொம்பு பார்த்தோம். தர்ஷி போகிற வருகிற போலீஸ், பஸ் கண்டக்டர், வாட்ச்மேன் எல்லோரிடமும் தமிழில் வணக்கம் சொன்னாள்.

இப்போது உங்களுக்கு வேண்டிய கணக்கு. டிக்கெட் மூன்றுக்கும் சேர்த்து நாற்பத்து நாலாயிரம். வேன் பதிமூவாயிரம். இந்தியாவில் செலவழித்தது, வளையல் உட்பட, நம் காசுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. பாஸ்போர்ட், விசா தவிர்த்து எல்லாம் எழுபதாயிரத்துக்குள். நம் மொபைல் அங்கே வேலை செய்யாது. லாட்ஜ் கார்டு ஒன்று கேட்டு வாங்கிப் பிள்ளையின் உடுப்பில் குத்திவிடுங்கள், அல்லது லாட்ஜ் நம்பரைப் பேனாவால் பிள்ளையின் கையில் எழுதிவிடுங்கள். கடைத்தெருவில் பிள்ளையை யார் பிடிப்பது என்று வாயால் சொல்லி முடிவு செய்துவிட்டு நுழையுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம் அக்கா. எனக்கு இன்னும் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போய் வந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வந்ததிலிருந்து தர்ஷி மாறிவிட்டாள். போன வாரம் பெல்மதுளை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பார்த்ததையெல்லாம் கெட்டியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். என் கை அவள் வாய்ப் பக்கம் போனது. பாதியில் நிறுத்திவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எல்லா நாளும் அப்படி இருக்கும் என்று எனக்கு யார் சொல்வது? வருகிற சனிக்கிழமை அவளைக் கண் டாக்டரிடம் காட்டக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டும், அதே செக்பாயிண்ட்கள் வழியாக. இன்று சோறு ஊட்டும்போது அவளே கேட்டுவிட்டாள்: "அம்மா, கொழும்புல யூனிஃபார்ம் மாமா கேட்டா எப்பிடிப் பேசணும்?" நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன்.

பழையபடி சொல்லவும் மனம் வரவில்லை, வேறு மாதிரிச் சொல்லவும் தைரியம் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கலவானை அக்கா, நீங்களும், படிக்கிற மற்ற அம்மாமாரும் தயவுசெய்து சனிக்கிழமைக்கு முன்னால் எனக்குப் பதில் எழுதுங்கள்.